கேள்வி இல்லாத பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரத்தினவேல் வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஆளுக்கொரு கதை கட்டினார்கள்.

ரத்தினவேல் இருந்தார். கோர்ட்டில் முப்பத்தாறு வருடம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்பது. அவர் மனைவி பாக்கியலட்சுமி உள்கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மகள் காவேரி மேசையில் லேப்டாப்போடு இருந்தாள். ரத்தினவேலின் தம்பி மதன் இருந்தார். சிமென்ட்டும் கம்பியும் விற்கிற கடைக்காரர். தமிழர் நலமன்றத்தின் தலைவர் மரியராஜ், செயலாளர் மகேஸ்வரி டீச்சர். கடைசியாக, கட்டடத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்திருந்த சித்தம்மா. ஆக மொத்தம் ஏழு பேர். எட்டாவது ஆள் யாரும் இல்லை.

இந்த ஏழு பேரில் மூவர் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள். மரியராஜ், மகேஸ்வரி டீச்சர், ரத்தினவேல். மன்றத்துக் கூடத்தில் கூட்டம் சேர்க்க வேண்டாமென்று போலீஸ் சொல்லியிருந்ததால் ரத்தினவேல் வீட்டில் கூடினார்கள். கரியப்பன் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது நியாயமாக வந்ததா இல்லையா என்பதை அன்று மாலை நாலு மணிக்குள் பத்திரிகைக்கும் போலீசுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கரியப்பனைத் தெரியாத தமிழர் மைசூரில் இல்லை. கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளியில் பிறந்து, பதினாறு வயதில் செங்கல் சுமக்க வந்து, இன்றைக்கு நாலாயிரம் கட்டடத் தொழிலாளர்களுக்குத் தலைவர். பாதிப் பேர் அவரைக் கும்பிடுவார்கள். மீதிப் பேர் அவர் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாய் அப்படி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் அவர் தமிழில் பேசியதாக ஒரு கன்னட மாலைப் பத்திரிகையில் இப்படி வந்தது: ‘இந்த ஊர் எனக்குக் கூலி கொடுக்கிற இடம், அவ்வளவுதான். அதற்கு மேல் இந்த ஊருக்கு நான் எதுவும் கடன்பட்டவன் அல்ல.’

மறுநாளே சங்க அலுவலகத்தின் கண்ணாடி உடைந்தது. இரண்டு பெரிய கட்டட வேலைகளில் தமிழ் ஆட்கள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நூற்றுப் பத்துக் குடும்பங்களில் உலை வைப்பது எப்படி என்று தெரியாத நிலை. கரியப்பன் மேல் போலீசில் புகார் பதிவானது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் கத்தினார். அவர் வாயை அறிந்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு, கன்னடத்தில் எழுதிக் கொடுத்தவர் ரத்தினவேல்தான். செய்தி எழுதிய நிக்கோல், காவேரியோடு படித்த பெண். வீட்டில் தமிழ் பேசுவாளே தவிர மேடைத் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். அதனால் அங்கிளிடம் கொடுத்தாள்; எழுதி வாங்கியதும் பதிவை அழித்துவிட்டாள். பெயர் வெளியே வரக்கூடாது என்றார் ரத்தினவேல். வராது என்று அவள் வாக்குக் கொடுத்தாள். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

அப்படி இருந்தும் தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில் அவர் எப்படி உட்கார்ந்தார் என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். மரியராஜ் வந்து அழைத்தபோது ரத்தினவேல் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தான் எழுதிய தாளில் தவறு இருக்க முடியாது. ஆகவே பத்திரிகையில் வந்தது சரி. சரியானதைச் சரி என்று சொல்லத் தன்னைவிடத் தகுந்த ஆள் யார்? அவர் கணக்கு அவ்வளவுதான். முப்பத்தாறு வருடத்தில் அவர் அடித்த ஒரு தாள்கூடத் திருத்தத்துக்கு வந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் அவர் முதுகு நாற்காலியின் சாய்வைத் தொடாமல் நிற்கும்.

காலையிலிருந்து தூறல் விடவில்லை. பாக்கியலட்சுமி எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். சித்தம்மாவுக்கு வைக்கும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன் இந்த வீடு எழும்பும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவள் சித்தம்மா. மேஸ்திரி வீட்டுக்காரரிடம் சொல்லாமலே மூடி மறைத்துவிட்டார். கிரகப்பிரவேசத்தன்று உறவு முழுக்கப் பந்தலில் இருக்கும்போது, கரியப்பன் இருபது பெண்களோடு வாசலில் வந்து நின்றார். இந்தப் படியில் ஒரு பெண்பிள்ளையின் ரத்தம் கிடக்கிறது, அதைக் கழுவிவிட்டுப் பால் காய்ச்சுங்கள் என்றார். கை நனைக்காமல் எழுந்து போன உறவினர்கள் உண்டு. ரத்தினவேல் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தார். ஆனால் கரியப்பன் என்ற பெயரை அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

இன்று சித்தம்மா ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து அதே படிகளில் ஏறி வந்திருந்தாள். கூட்டத்தை முழுக்கப் பதிவு செய்திருந்த ஒரு தொழிலாளியின் போன் நேற்றுத்தான் சங்கத்தின் கைக்குக் கிடைத்தது. அதைக் காவேரியிடம் நீட்டினாள்.

ரத்தினவேல் கையை உயர்த்தி, ஆரம்பிக்கலாம் என்றார். அது நீதிபதிகள் காட்டும் சைகை.

முதல் இருபது நிமிடம் வழக்கமான பேச்சு. கைதட்டல், விசில், மைக்கின் கீச்சு. பிறகு கூட்டத்திலிருந்து கேள்விகள். ஒரு கனத்த குரல் எழுந்தது.

“தலைவரே, நேராக் கேக்கறேன். இந்த ஊரு உமக்குக் கூலி குடுக்கிற இடம், அவ்வளவுதானே? அதுக்கு மேல இந்த ஊருக்கு நீர் எதுவும் கடன்பட்டவரில்லைதானே?”

“சரி, அப்படியே வச்சுக்குவோம்.” கரியப்பனின் குரல். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“அப்படியே வச்சுக்கிட்டா, எம் பையனை எதுக்குய்யா இந்த ஊருல பொதைச்சேன்? நஞ்சன்கூட்டுல குழி சரிஞ்சு செத்தான். பத்தொம்பது வயசு. ஊருக்குக் கொண்டு போயிருங்கன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. வண்டியும் வந்து நின்னுச்சு. நான்தான் மாட்டேன்னேன். அவன் பொறந்தது இங்க, இங்கயே கெடக்கட்டும்னேன். கூலிக்கு வந்தவன் பண்ற வேலையா இது?”

யாரும் கைதட்டவில்லை. பதிவில் ஒரு மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவருடைய பழைய குரல், முரட்டுக் குரல், திரும்பி வந்தது.

“யாரு யாருக்குக் கடன்பட்டவங்கன்னு கோர்ட்டுல டைப் அடிச்ச பெரிய மனுசங்களைப் போய்க் கேளுங்க. அவங்க வீட்டுப் படிக்கட்டு சொல்லும்.”

காவேரி நிறுத்தினாள்.

முதலில் பேசியது மதன். “பேப்பர்க்காரங்க புத்தி தெரிஞ்சுபோச்சு பாருங்க. கேள்வியை வெட்டிட்டு, கேட்டவன் பேசினதை இவரு தலையில கட்டியிருக்காங்க.”

மகேஸ்வரி டீச்சர் பேனாவைத் திறந்தார். அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து தெரியும், இப்படிச் செய்வாள் என்று நினைக்கவில்லை என்றார். மரியராஜ் வருத்தத்தோடு தலையாட்டினார். அவர் போகிற மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடுகிறவள் நிக்கோல். பாவம்தான், ஆனால் எழுதத்தான் வேண்டும் என்றார். ‘பத்திரிகை கேள்வியை மறைத்துவிட்டு’ என்று டீச்சர் எழுத ஆரம்பித்தார்.

ரத்தினவேல் எழுந்தார். பதினைந்து நிமிடம் வேண்டும் என்றார். பதிவின் கடைசியில் கரியப்பன் சொன்ன சொல் அவரைச் சுட்டிருக்கும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

உள்ளறையில் இரும்பு பீரோவின் மேல்தட்டில் அவருடைய கோப்புகள் இருந்தன. எதை எழுதினாலும் ஒரு நகல் வைத்துக்கொள்வார். மூன்று வாரத்துக்கு முந்தைய தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அழகான கையெழுத்து. அடித்தல் இல்லை. ‘இந்த ஊர் எனக்குக் கூலி கொடுக்கிற இடம், அவ்வளவுதான் என்பது சரி. அதற்கு மேல் இந்த ஊருக்கு நான் எதுவும் கடன்பட்டவன் அல்ல என்பது சரி.’

கேள்வி இல்லை.

கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் கேள்வி, பதில் என்று பிரித்து எழுதுவது பொதுவாக வழக்கமில்லை. வக்கீல் நீட்டி முழக்கிக் கேட்பார்: நீர் அன்றைக்குக் குடித்துவிட்டு வந்து, தம்பியோடு சண்டை போட்டு, வேலியைப் பிடுங்கினீர், சரிதானே? சாட்சி ‘ஆமாம்’ என்பார். வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். தாளில் ஏறுவது, ‘அன்றைக்கு நான் குடித்துவிட்டு வந்து, தம்பியோடு சண்டை போட்டு, வேலியைப் பிடுங்கினேன் என்பது சரி.’ கேட்டவர் மறைந்துவிடுவார். வக்கீல் சொன்னதெல்லாம் சாட்சி சொன்னதாக நிற்கும். அங்கே அதில் குற்றமில்லை. அந்த எழுத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று நீதிபதிக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

நிக்கோலுக்குத் தெரியாது. அவள் ‘என்பது சரி’யை அநாவசியம் என்று எடுத்துவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள். மாலையில் டீக்கடையில் பத்திரிகை படிக்கிறவனுக்கும் தெரியாது.

எழுதி முடித்தால் கேட்ட சத்தத்தைத் தலையிலிருந்து இறக்கிவிடுவது ரத்தினவேலின் வழக்கம். தாள்தான் உண்மை. இந்த மூன்று வாரமும் அவர் அந்தத் தாளையே நினைத்துக்கொண்டு, அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று, பெயரைச் சொல்லாமலே, வீட்டுக்குள் மார்தட்டியிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. கேட்காததைச் சாட்சி தானாகச் சொன்னால் அதற்கும் கோர்ட்டில் வழி உண்டு. ‘சாட்சி தானாகவே மேலும் கூறுவது’ என்று போட்டு, சொன்னதை எழுதுவார்கள். ரத்தினவேல் அந்தச் சொற்களை ஆயிரம் முறையாவது அடித்திருப்பார். அவற்றைத் தாளில் தேடினார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவை அங்கே இல்லை.

காவேரி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

தாளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“நான்தானேப்பா போட்டோ எடுத்து நிக்கோலுக்கு அனுப்பினேன். எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் அங்க ஏன் சும்மா இருந்தே?”

“நீங்க சொல்வீங்கன்னு.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். காவேரி நின்றபடியே மற்றதையும் சொன்னாள். நிக்கோலை வேலைக்கு வர வேண்டாமென்று ஐந்து நாளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது யார் என்று நாளைக் காலைக்குள் சொல்லாவிட்டால் நிரந்தரமாகவே போக வேண்டியதுதான். நேற்றும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம். சொல்லும்போது காவேரியின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரத்தினவேலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்குள் மதன் வந்துவிட்டார். தாளைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். கடைக்காரர், கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

“இது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்ணா.”

அடுத்த வெள்ளிக்கிழமை தன் மகள் தீபாவுக்கு நிச்சயம் என்பதை ஞாபகப்படுத்தினார். கொள்ளேகால்காரர்கள் இந்தக் குடும்பத்தில் பெண் எடுப்பதே ரத்தினவேலின் பெயருக்காகத்தான். அந்தப் பெயரை மூன்று வாரமாக ஊரே திட்டுகிற ஒரு ஆளுக்காகவா கொட்டுவது? பத்திரிகைக்காரப் பெண்ணுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். வேண்டுமானால் தானே சொல்லி வைப்பதாகச் சொன்னார். காவேரி வாயைத் திறந்தாள். சித்தப்பா கையமர்த்தினார்.

“ஒண்ணு யோசிங்க. அந்த ஆளு கடைசியில உங்களைத்தானே இழுத்தான்? எல்லாரும் கேட்டாங்க. இப்பப் போய் எழுதினது நான்தான்னா, பழக்கதோஷம்னா நினைப்பாங்க? பழி தீர்த்துட்டார்னுதான் பேசுவாங்க. உங்களைத் தெரிஞ்ச எனக்கே அப்படித்தான் தோணுது.”

ரத்தினவேல் தாளை இரண்டாக மடித்து, மறுபடி பிரித்து, கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முன்னறையில் மகேஸ்வரி டீச்சர் பாதிப் பக்கம் எழுதியிருந்தார். ரத்தினவேல் நின்றுகொண்டே தாளை அவர் முன்னால் வைத்தார்.

“அதை அடிச்சிருங்க டீச்சர். பத்திரிகை எதையும் வெட்டலை. இது என் கையெழுத்து. நான் எழுதிக் குடுத்ததைத்தான் போட்டிருக்காங்க.”

கோர்ட்டு வழக்கம் எது, அது எப்படித் தன் கையோடு வீட்டுக்கும் வந்தது என்று சொன்னார். குரல் தடுமாறவில்லை. சாட்சி சொல்கிறவர்களை அத்தனை வருடம் பார்த்தவர், எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்தவர். சொல்லி முடித்ததும் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே தூக்கி, சித்தம்மா இருந்த பக்கம் சுவரோரமாகப் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அவர் நாற்காலி தூக்கி யாரும் பார்த்ததில்லை. பாக்கியலட்சுமி எழப் போனாள். காவேரி அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

மரியராஜ் தாளை எடுத்துப் படித்துவிட்டுக் கீழே வைத்தார். இருபது வருடச் சிநேகம்.

“எழுதினது நீங்கன்னு தெரிஞ்சே எங்க கூட உக்காந்தீங்களாண்ணே?”

“தப்பில்லாம எழுதியிருக்கேன்னு நினைச்சேன்.”

“அது வேற. எங்ககிட்டச் சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்.”

சித்தம்மா கன்னடக்காரி. சங்கத்தில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள் என்பதை இந்த மூன்று வாரத்தில் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. கூட வேலை செய்தவர்களிடம் கற்ற, கன்னடம் கலந்த தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

“கேள்வி விட்டது கோர்ட் பழக்கம், ஆகட்டும் சார். மகன் விஷயம் சொன்னார் அல்வா, இல்லையா? அது எங்க போச்சு?”

தூறல் வலுத்து மழையாகியிருந்தது. ரத்தினவேல் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“கேள்விக்குச் சம்பந்தமில்லாததுன்னு விட்டுப்போச்சும்மா.”

அவள் அவரைப் பார்த்தாள். அவளுக்குப் படிப்பில்லை. ஆனால் சாரத்தில் மேலே நிற்கிறவன் பலகையைச் சரியாகக் கட்டியிருக்கிறானா இல்லையா என்று கீழே நின்று பார்த்தே சொல்லக்கூடியவள். அந்தப் பார்வைதான் அது.

மூவர் இருவராகி எழுதிய தீர்ப்பு ஒரு பக்கத்தில் முடிந்தது. கரியப்பன் சொன்னதாக வந்த சொற்கள் கேள்வி கேட்டவருடையவை. அவை நியாயமாக வெளியிடப்படவில்லை. எழுதிக் கொடுத்தவர் ரத்தினவேல். கோர்ட்டுப் பழக்கத்தால் கேள்வி பதிலோடு சேர்ந்துவிட்டது. அதற்குப் பின் கரியப்பன் பேசியது சம்பந்தமில்லாதது என்று விடுபட்டது. நிக்கோல் தனக்குக் கொடுக்கப்பட்டதை நம்பி எழுதினாள். கரியப்பன் தனி மனிதர்களைத் தாக்கிப் பேசியது கண்டிக்கத் தக்கது என்று டீச்சர் ஒரு வரி சேர்த்தார். சித்தம்மா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

கிளம்பும்போது மரியராஜ் அவளிடம், உங்கள் தலைவரிடம் இதைச் சீக்கிரம் தெரிவியுங்கள் என்றார். அவள் போனைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

“எங்க தெரிவிக்கிறது? கௌதள்ளிக்குப் போறேன்னு வியாழக்கிழமை பஸ் ஏறினார். வந்து சேரலைன்னு அவர் தங்கை தினமும் போன் மாடிச் சொல்லுது.”

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

மதன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தார்.

நாலு மணிக்குத் தீர்ப்பு பத்திரிகைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்விட்டது. வீட்டில் சமைத்தது அப்படியே இருந்தது. ரத்தினவேல் முன்னறையில் உட்கார்ந்து தொலைபேசி அடிக்கும் என்று காத்திருந்தார். திட்டுவார்கள், சிரிப்பார்கள், கொள்ளேகால்காரர்கள் கூப்பிட்டு நாசூக்காக ஏதாவது சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தார்.

ஐந்தரைக்கு எதிர்வீட்டு அஷ்வினி வந்தாள். கையில் ஒரு பை. தங்கள் தோட்டத்து வல்லாரை என்று பாக்கியலட்சுமியிடம் கொடுத்தாள். துவையல் அரைத்துத் தினமும் காலையில் அங்கிளுக்குக் கொடுங்கள், தன் மாமனாருக்குக் கொடுத்ததில் ஓரளவு தேறினார் என்றாள். ரத்தினவேலைப் பார்த்து, குழந்தையிடம் பேசுவது போல, “உடம்பைப் பார்த்துக்குங்க அங்கிள், எதையும் மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காவேரி போனை எடுத்துப் பார்த்தாள். உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் மதன் இரண்டு மணிக்கே எழுதியிருந்தார். அண்ணனுக்கு ஒரு வருடமாக ஞாபக மறதி. டாக்டரிடம் காட்டி வருகிறோம். வெளியே சொல்லாமல் இருந்தது எங்கள் தவறு. நடந்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

அதன் கீழே நாற்பத்து மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள். கொள்ளேகால்காரர்களும் இருந்தார்கள். பெரியவரை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை அவருக்குத் தோதாக நாற்காலி போட்டுவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ரத்தினவேலைத் திட்டி ஒருவரும் எழுதவில்லை. எல்லோருக்கும் அவர்மேல் இரக்கம்.

அவர் அதை முழுக்கப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். பாக்கியலட்சுமி அருகில் வந்து நின்றாள். நாற்பது வருடத்தில் அவர் முடிவில் அவள் குறுக்கே வந்ததில்லை.

“அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்க,” என்றாள். “சீக்குன்னா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. தீபா காரியமும் நல்லபடியா நடந்துரும். யாருக்கு என்ன நட்டம்?”

அவள் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. யாருக்கும் நட்டமில்லை. நிக்கோலுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். கரியப்பன் மேல் விழுந்த பழி நீங்கும். மதன் தலை நிமிர்வார். தான் ஒருவர் மட்டும் மீதி நாளெல்லாம் வல்லாரைத் துவையல் சாப்பிட வேண்டும். பெரிய விலை ஒன்றுமில்லை. அவர் வெளியே மழையைப் பார்த்தார். வியாழக்கிழமை பஸ் ஏறியவன் ஞாயிற்றுக்கிழமை வரை போய்ச் சேராத ஊரா கௌதள்ளி?

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பத்திரிகையின் ஆசிரியர். கன்னடத்தில், மிகுந்த மரியாதையோடு பேசினார். மன்றத்தின் தீர்ப்பை நாளை அப்படியே வெளியிடுகிறோம், நிக்கோலைக் காலையில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டோம், இந்த வயதில் இவ்வளவு நேர்மை யாருக்கு வரும் என்றார். ரத்தினவேல் நன்றி சொன்னார்.

ஆசிரியர் கொஞ்சம் தயங்கினார். உங்கள் தம்பி எங்களிடமும் பேசினார், உங்கள் உடல்நிலை பற்றித் தெரிந்து வருந்தினோம் என்றார். தீர்ப்பின் கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்று இருக்கிறோம். ‘வயது காரணமாக ஏற்பட்ட மறதியால் இந்தப் பிழை நேர்ந்தது.’ உங்களுக்கும் அது கௌரவம், எங்களுக்கும் விஷயம் முடிந்துவிடும். உங்கள் சம்மதம் மட்டும் வேண்டும்.

பாக்கியலட்சுமி கண் எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வரியைப் போடாதீர்கள்,” என்றார் ரத்தினவேல், கன்னடத்தில், நிறுத்தி நிறுத்தி, எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொள்ள நேரம் கொடுத்து. “எனக்கு மறதி எதுவும் இல்லை. என் தம்பி சொன்னது பொய். கேள்வி என் காதில் விழுந்தது. மகனைப் புதைத்ததைப் பற்றி அவர் சொன்னதும் விழுந்தது. அது சம்பந்தமில்லாதது என்று விடுபட்டதாக இன்று நான் சொன்னதும் உண்மையல்ல. அதை அடுத்து என் வீட்டுப் படியைப் பற்றிப் பேசினார். அந்தக் கோபத்தில், தெரிந்தேதான், மகனைப் பற்றியதையும் படியைப் பற்றியதையும் எழுதாமல் விட்டேன்.”